திண்டிவனம் கிளையில் நெட்டு போன விதம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் எனக்கு இடப்பக்க ஜன்னல் சீட்டுதான் பிடிக்கும், ராஜ்குமார் சார். காலை வெயில் முகத்தில் அடிக்காது. உங்கள் ஸ்கேன் சென்டரின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இந்தப் பிரபாவதிக்கு அந்தப் பயணம் ஒன்றுதான் வெளிக்காற்று. நீங்கள் கேட்டது வேறு. அதற்குத்தான் வருகிறேன்.

திண்டிவனம் கிளையில் நெட்டு போனால் இங்கே உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாது, நேரில் போயாக வேண்டும். நான் நுழைந்ததும் கிளையே எழுந்து நிற்கும். ஒருத்தர் ஃபேனை என் பக்கம் திருப்புவார், இன்னொருத்தர் சுடச்சுட வடை வாங்கி வருவார். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற கூட்டம் என் முகத்தையே பார்க்கும். இங்கே என்னை யார் பார்க்கிறார்கள்? நீங்களே 'அந்தக் கம்ப்யூட்டரம்மா' என்றுதானே சொல்கிறீர்கள். வருத்தமில்லை, சும்மா சொன்னேன்.

கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான். சர்வரில் எஸ்.ஈ.லினக்ஸ் என்று ஒரு காவல் உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள். காவல் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்காது, லேபிளைத்தான் பார்க்கும். நெட்வொர்க் ஃபைலை நம் சொந்த ஃபோல்டரில் வைத்துத் திருத்தி, காப்பி எடுக்காமல் அப்படியே நகர்த்தினால், கல்யாணமாகி வந்தும் ரேஷன் கார்டில் பேர் மாற்றாத மருமகள் மாதிரி, பழைய லேபிளோடு போய் உட்காரும். அடுத்த முறை சர்வர் எழும்போது காவல் அதைத் தொடவிடாது. நெட்டு வராது.

போன வருஷம் அங்கே கலைப்பிரியா வேலைக்கு வந்தாள். ஊர் காணைப் பக்கம், கரும்பு வெட்டுகிற குடும்பம். அந்த வீட்டில் ஆபீஸ் வேலைக்கு வந்த முதல் ஆள், இன்னும் நிரந்தரமாகாதவள். ஒருநாள் போன் செய்தாள்.

"அக்கா, காவல் எதைத் தடுக்குதுன்னு பாத்து லேபிளை நானே மாத்திட்டேங்க்கா. நெட்டு வந்துடுச்சு. நீங்க இனிமே பஸ் ஏறி அலைய வேணாம்."

எவ்வளவு அக்கறை பாருங்கள். சபாஷ் என்றேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

அவளுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும் என்று பட்டது. இங்கிருந்தே அந்தச் சர்வருக்குள் போய் ஒரு ஃபைலை நகர்த்தி வைத்து, சர்வரை அணைத்து எழுப்பினேன். சரிசெய்துவிட்டாள். இன்னொன்று நகர்த்தினேன், அதையும் செய்தாள். கெட்டிக்காரி, மறுக்கவில்லை. கடைசியில் ஃபைலோடு நிற்காமல், எந்த ஃபைலுக்கு எந்த லேபிள் என்கிற விதியையே மாற்றி வைத்தேன். இனி அவள் சரிசெய்யச் செய்ய, தப்பான லேபிள்தான் ஒட்டும்.

மறுநாள் காலை அழாத குறை. "ஜனங்க நின்னுக்கினு கீறாங்கக்கா, பேஜாரு பண்றாங்க. லேபிளு மாத்தியும் வரலக்கா."

"காவலை நிறுத்திடும்மா."

"நிறுத்தினா வேலை போய்டும்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

"நான் இருக்கேன்ல. நிறுத்து."

நிறுத்தினாள். நெட்டு வந்தது. வந்ததால்தானே காவல் நின்றிருப்பதை என்னால் இங்கிருந்து பார்க்க முடிந்தது? பார்த்ததை உடனே உங்களிடம் சொன்னேன், அது என் கடமை. சாயங்காலமே அவளை அனுப்பிவிட்டீர்கள். நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அவள் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காவுக்குக் கெட்ட பேர் வரக்கூடாதாம். தங்கமான பெண், சார்.

ஆப்பிள் வாங்கிக்கொண்டு காணைக்குப் போனேன். என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இப்போது வெளியாளை வைத்துச் சர்வரைப் பார்த்து, எல்லாம் என் லாகின் பேரில்தான் நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். சரிதான். செய்தது நான். கலைப்பிரியாவைத் திரும்பக் கூப்பிடுங்கள், நானே சந்தோஷப்படுவேன். என்னை நீக்குவதானாலும் நீக்குங்கள், ஆனால் நாளைக்கு. இன்று திண்டிவனத்தில் மாதாந்திர மின்நிறுத்தம். கரண்ட் வந்து சர்வர் எழும்போது காவலும் கூடவே எழும், அந்த விதியோ நான் மாற்றியபடியேதான் இருக்கிறது, நெட்டு வராது. அவள் இடத்தில் போட்டிருக்கிறீர்களே ரோஜா, அவள் புதுப் பெண். பாவம், நான் போகாவிட்டால் தவித்துப் போவாள்.