குடும்பத்தோட இருக்கணுமாம்

அந்தக் கதவு இல்ல மிஸ், அது... இருங்க, நானே தொறந்து பாக்குறேன். அட, இது துணி அலுமாரி. பாருங்க லட்சணத்த, பாத்ரூம் எங்கன்னு கேட்ட ஆளுக்கு அலுமாரியத் தொறந்து காட்டுறேன். முந்தி இந்த எடத்துல ஜன்னல் இருந்துச்சு, அதான் கொழப்பம். இந்தா, இந்தப் பக்கம். சுடுதண்ணி, கமோடு எல்லாம் புதுசு. பைப்பத் தொறந்து பாருங்க, லைசனுக்குப் பாக்கத்தானே வந்திருக்கீங்க.

எங்க வீட்டுக்காரரா? பின்னால நிக்கிறாரு, உங்ககூட வந்த ஆபீசர் சேரோட. கழிவுத்தண்ணிக் குழிய அளந்து காட்டுறாரு. அந்தக் குழியப் பத்தி பேச ஆரம்பிச்சாருன்னா லேசுல விடமாட்டாரு மிஸ், தாஜ்மகால் கட்டுன மாதிரி பேசுவாரு. ஒரு பிளேன்டீ குடிக்க நேரம் இருக்கு. வாங்க, குசினியப் பாத்த மாதிரியும் ஆச்சு.

தமிழ் மிஸ் ஒருத்தர் வருவீங்கன்னு நாங்க நெனைக்கவே இல்ல. காலையிலருந்து எனக்கு சிங்களத்துல என்ன பேசணும்னு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு! சிங்கள ஸ்கூல்ல படிச்சு, கண்டியில லோயர் ஒருத்தருகிட்ட கிளாக்கா வேலை செஞ்சவளுக்கு! சொல்லிக் குடுத்ததும் என்னங்குறீங்க? சிரி. ரெண்டு பேரும் கீழ் ரூம்ல இருக்கோம்னு சொல்லு. வேற வாயத் தொறக்காத. அவ்வளவு தான். சிரிச்சுட்டேன் மிஸ், நீங்க வரும்போதே சிரிச்சேன்ல? மத்த ரெண்டும் தான் வரமாட்டேங்குது.

சீனி... கொஞ்சம் பொறுங்க. முனாஸ்னு திகனப் பக்கத்து மனுசன் ஒருத்தர சமையலுக்குப் பேசி வச்சிருக்காரு. நல்ல மனுசன், கை சுத்தம். அவரு தான் இந்த டப்பா எல்லாம் அடுக்குனது. இன்னைக்கு அவருக்கு லீவு குடுத்துட்டாரு. வீட்டுக்காரம்மா சமைக்கிற வீடுன்னு உங்களுக்குக் காட்டணுமே. இது உப்பு. இது மாசித்தூளு. ஆ, இந்தா இருக்கு. ஐயோ, இதையெல்லாம் எழுதாதீங்க மிஸ். சீனி தேடுனதுக்கா ஒரு லைசன மறிப்பாங்க?

ஆமா, அது எங்க கல்யாணப் போட்டோ தான். கட்டுக்கலைக் கோயில்ல எடுத்தது. அவரு அழகா இருக்காரா? இருந்தாரு, இருந்தாரு. நானும் ஒண்ணும் மோசமில்ல. அந்தப் போட்டோவ இன்னைக்குக் காலையில தான் மாட்டுனது. கீழ பாருங்க, ஆணி அடிச்ச சுண்ணாம்பு இன்னும் கெடக்கு. கூட்டச் சொன்னாரு, நான் கூட்டல. எதுக்குக் கூட்டணும்? இருவத்தி மூணு வருசம் கூட்டுன வீடு தானே, ஒரு நாளைக்குக் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்.

இந்த ரூம் தான் எங்க ரூம்னு சொல்லச் சொன்னாரு. இதுல எங்க மாமியா கெடந்தாங்க மிஸ். அன்னலட்சுமின்னு பேரு. பாரிசவாதம். வாய் மட்டும் நல்லா வேலை செஞ்சது. கண்டியிலயே பெரிய வாய். நான் தான் பாத்தேன், ஆறு வருசம், வேலையையும் விட்டுட்டு. அவங்க ஏச ஏச தொடச்சு விடுவேன். பொய் சொல்ல மாட்டேன், சில நேரம் நானும் ஏசுவேன். ஆனா ஒரு நாள் கூட ஈரத்துல கெடக்க விட்டதில்ல. சாகுற அன்னைக்கும் சஞ்சீவனி, சஞ்சீவனின்னு என்னையத் தான் கூப்புட்டாங்க. பெத்த மகன் வேன் ஓட்டிக்கிட்டு சிகிரியாவுல நிக்கிறாரு.

ஆமா, டூரிஸ்ட் வேன். டிரைவர் கைட். ஜெர்மன்காரனோட ஜெர்மன் பேசுவாரு, பிரெஞ்சுக்காரனோட பிரெஞ்சு பேசுவாரு, சீனாக்காரன் வந்தா அதுலயும் நாலு வார்த்த. வாய் தான் மிஸ். எழுத்துன்னா ஒரு பாஷையும் தெரியாது. தமிழும் தான். கையெழுத்து மட்டும் போடப் பழகி வச்சிருக்காரு. யாராவது பேப்பர நீட்டுனா கண்ணாடிய வேன்ல விட்டுட்டேன்ம்பாரு. அவருக்கு கண்ணாடியே கெடையாது. கல்யாணம் கட்டி ஒரு வாரத்துல நான் கண்டுபிடிச்சேன், இன்னைய வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. அவரு ஆத்தாளுக்கே தெரியாதுன்னா பாருங்க. மிஸ்கிட்ட தான் மொதத் தடவ சொல்றேன்.

அப்ப கேளுங்க. மாமியா கருமாதி முடிஞ்சு சொந்தக்காரங்க ஊரு போய்ச் சேரல, இவரு செவுர ஒடைக்க ஆள் கொண்டாந்துட்டாரு. கீழ மகாவலி தெரியுது, அந்தப் பக்கம் மல தெரியுது, வெள்ளக்காரன் இதுக்குத் தான் வர்றான், நாம ஏன் மத்தவனுக்கு வேன் ஓட்டணும்னாரு. நல்ல யோசன தான். நானும் சரின்னேன். எனக்கு இழுப்பு வியாதி இருக்கு மிஸ், சிமெந்து தூசு ஆகாது. நீ கம்பளையில அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இரு, தூசு அடங்கட்டும்னாரு. அக்கறையாத் தான் சொன்னாரு. பஸ்ஸுல ஜன்னல் பக்கம் பாத்து உக்கார வச்சு, தண்ணிப் போத்தலும் வாங்கிக் குடுத்தாரு.

ஒரு வீட்டுல தூசு அடங்க எவ்வளவு நாள் எடுக்கும் மிஸ்? நீங்க கட்டடம் எல்லாம் பாக்குற ஆளு, சொல்லுங்க. எனக்கு ரெண்டு வருசமாச்சு. இன்னைக்குக் காலையில தான் கம்பளையிலருந்து வந்து எறங்குனேன்.

எழுதுறத நிப்பாட்டிட்டீங்க. பயப்படாதீங்க, குடிங்க, ஆறிடும்.

சண்டையா? அதான் எல்லாரும் கேக்குறது. ஒரு சண்டையும் இல்ல. சண்டை போட்டுட்டு வந்தவளுக்கு ஒரு மரியாதை இருக்கு மிஸ். அடிச்சான், குடிச்சான், நான் வந்துட்டேன்னு நெஞ்ச நிமுத்திச் சொல்லலாம். தூசுக்குப் பயந்து வந்தவ என்னத்தச் சொல்றது? வேற பொம்பளையா? ச்சே, அப்படி ஒருத்தி இருந்தாலும் மண்ண வாரித் தூத்த ஒரு பேரு கெடச்சிருக்கும். அதுவும் இல்ல. கூப்புடல. அவ்வளவு தான். இன்னும் வேல முடியலம்பாரு. அப்பறம் பெயின்ட் வாசம்பாரு. அப்பறம் அதுவும் சொல்றதில்ல. அம்மாவப் பாக்க ஒரு ஆள் வேண்டி இருந்துச்சு, அம்மா போய்ச் சேந்தாங்க, ஆளும் தேவையில்ல. கறிவேப்பில கணக்கு தான்.

அண்ணன் ஒண்ணும் சொல்லல. அண்ணியும் ஒண்ணும் சொல்லல, பாவம், பாத்திரம் தான் சொல்லிச்சு. ஒவ்வொரு நாளும் நான் குசினிக்குள்ள போனா அந்தப் பாத்திரம் எல்லாம் ணங்கு ணங்குன்னு பேசும். அக்கம் பக்கத்துல வெறும் வாய மெல்லுறவங்களுக்கு அவல் கெடச்சது. என்ன, இன்னும் போகலயா? வீடு முடியலயா? மக தனுஜாவுக்குப் போன வருசம் கல்யாணம் கட்டிக் குடுத்தோம். ரெண்டு பேரும் ஜோடியா நின்னோம், ஜோடியா ஆசீர்வாதம் பண்ணுனோம், வீடியோவுல பாத்தா கண்ணுபடும். மண்டபத்துல சாப்பாட்டு எலைய எடுக்கல, என்னைய கம்பளை வேன்ல ஏத்தி விட்டுட்டாரு.

அதத் தவிர அவரப் பாக்கவே இல்லயான்னா, பாத்தேனே. ஆபீஸ்ல. இந்த லைசன் வேல இருக்கே மிஸ், அது இல்லாட்டி அவரு மொகமே எனக்கு மறந்திருக்கும். தொழில் பேரப் பதியணும்னு பிரதேச செயலகத்துக்கு வரச் சொன்னாரு. அங்க போனா கிராம சேவகர் கடிதம் வேணும். அது கெடச்சா பிரதேச சபையில கட்டட பிளானக் கேக்குறாங்க. அப்பறம் சுகாதாரப் பரிசோதகர், அப்பறம் பொலிஸ் ரிப்போட், அப்பறம் சுற்றாடல் லைசன். நான் ஆபீஸ்காரங்களக் கொற சொல்லல, அவங்க வேல அது. ஒவ்வொண்ணுக்கும் யாராவது வாசிக்கணும், எழுதணும், சிங்களத்துல பேசணும். போன் வரும். சஞ்சீவனி, நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரு. நானும் வெக்கங்கெட்டவ, நல்ல சீலையா எடுத்து இஸ்திரி போட்டுக் கட்டிக்கிட்டு, தலைக்குப் பூவும் வச்சுக்கிட்டு வருவேன். ஆபீஸ் வாங்குல, அந்த நீட்டுப் பெஞ்சுல, பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்போம். கட்டிக்கப் போற காலத்துல கூட நாங்க ரெண்டு பேரும் இப்படி ஊரு சுத்துனதில்ல மிஸ்.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிக்கிறது தான்.

வேல முடிஞ்சதும் ஒரு டீயும் ரோல்ஸும் வாங்கித் தருவாரு. அப்பறம் கம்பளை பஸ். ஒவ்வொரு தடவையும், சரி, இன்னைக்குச் சொல்லுவாரு, வா வீட்டப் பாத்துட்டுப் போவோம்னு சொல்லுவாருன்னு பாப்பேன். இங்கருந்து கூப்பிடு தூரம். ஆபீசுக்குக் கூப்புட்டாரு, வீட்டுக்குக் கூப்புடல. ஆத்திரம் வரும் பாருங்க, அந்த ரோல்ஸ எடுத்து மூஞ்சியில அடிக்கலாம் போல இருக்கும். தின்னுட்டு வந்துருவேன்.

இல்ல இல்ல, இது புகார் இல்ல. அந்தப் பேனாவ வைங்க. புகார் சொன்னா லைசன் போகும். லைசன் போனா எனக்கென்ன மிச்சம்? அண்ணி வீட்டுப் பாத்திரம் தான். இந்த லைசன் அவருக்கு வேணும்னு நெனைக்கிறீங்களா? அவர விட எனக்குத் தான் மிஸ் வேணும்.

சொல்றேன். இது ஹோம்ஸ்டேன்னு தானே உங்க பேப்பர்ல இருக்கு? வீட்டுச் சொந்தக்காரரு குடும்பத்தோட அதே வீட்டுல குடியிருக்கணும்னு தானே சட்டம்? அதுக்குத் தான் கூப்புட்டாரு. முந்தாநாள் போன் வந்துச்சு. வீட்டுக்கு வான்னாரு. ரெண்டு வருசத்துக்கு அப்பறம் அந்த வார்த்தையக் கேக்குறேன். ஒரே ஒரு பேக்கு கொண்டா, ஆளுங்க வந்து பாத்துட்டுப் போனதும் மறுநாளு நானே பஸ் ஏத்தி விடுறேன்னும் சொன்னாரு. கேட்டீங்களா? வாடகைக்குப் புடவை எடுத்த மாதிரி, வாடகைக்குப் பொண்டாட்டி. ஒரு நாள் ரேட்டு.

நான் சரின்னேன். சரின்னுட்டு என்ன செஞ்சேன் தெரியுமா? என் தையல் மெசினத் தூக்கி பஸ்ஸுல ஏத்திட்டேன். கண்டக்டர் ஏசுனாரு, ஏசட்டும். உடுப்பு, என் மருந்து, சாமிப்படம் எல்லாம் கொண்டாந்துட்டேன், ரேசன் காலத்துல எங்கம்மா வாங்குன அம்மி ஒண்ணு தான் விட்டுட்டேன், தூக்க ஏலல. இவரு வாசல் கேட்டுல நின்னுக்கிட்டு மெசினப் பாத்தாரு. இது எதுக்குன்னாரு. திரைச்சீல எல்லாம் நீளமா இருக்குமே, மடிச்சுத் தைக்கன்னேன். அதுக்கு மேல கேக்கவும் ஏலாது, நீங்க வர்ற நேரம்.

அவரு மேல ஆசையில வந்தேன்னு நெனைக்காதீங்க. ஆசை எல்லாம் அந்த வாங்குலயே காஞ்சு போச்சு. எனக்கு அவரு மேல வெறுப்பு தான் மிஸ். ஆனா அண்ணன் வீட்டு மூலையில குந்திக்கிட்டு ஏன் வெறுக்கணும்? என் வீட்டுல, என் குசினியில நின்னுக்கிட்டு வெறுத்துட்டுப் போறேன். மாமியா மூத்திரம் அள்ளுன ரூம்ல கால நீட்டிப் படுத்துக்கிட்டு வெறுக்குறேன். அந்த உரிமை கூடவா எனக்கு இல்ல?

அதனால மிஸ்ஸுகிட்ட ஒண்ணு கேக்குறேன். பொய் எழுதச் சொல்லல. இன்னைக்கு நான் இங்க இருக்கேன், நாளைக்கும் இருப்பேன், அது உண்மை. நீங்க அவருகிட்ட ஒரு வார்த்த மட்டும் சொல்லணும். நாங்க சொல்லாம கொள்ளாம வந்து பாப்போம், வர்ற நேரம் வீட்டுக்காரம்மா இல்லன்னா லைசன் இல்லன்னு. நெசமாவே வருவீங்களா? வருசா வருசம் புதுப்பிக்க வேற வேணுமா? அப்பாடா. அதையும் சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க. வெள்ளக்காரனுக்கு முன்னால என்னையக் கெளப்ப அவருக்குத் தைரியம் வராது. மனுசனுக்குப் பயப்படாத ஆளு, ரப்பர் ஸ்டாம்புக்கு நல்லாப் பயப்படுவாரு.

அது நல்ல கேள்வி. பொண்டாட்டிய வச்சுக்க இஷ்டமில்லாத மனுசன் எதுக்கு ஹோம்ஸ்டேக்குப் போடணும்? வேற வகை இருக்கேன்னு கேக்குறீங்க. இருக்கு மிஸ், தெரியும். வீட்ட முழுசா வாடகைக்கு விடுறது. அதுல சொந்தக்காரன் இருக்கணும்னு இல்ல, குடும்பமும் தேவையில்ல. அவரு அதைத் தான் போடச் சொன்னாரு. ஆபீசுக்கு முன்னால இருக்கிற சாப்பாட்டுக் கடையில உக்காந்து தான் எழுதுனோம். அவரு கடலை வடை தின்னுக்கிட்டு இருந்தாரு. நான் தலைய ஆட்டிட்டு, அதுக்குக் கீழ ஹோம்ஸ்டேன்னு இருந்த கட்டத்துல புள்ளடி அடையாளத்தப் போட்டேன். கையெழுத்து வைங்கன்னேன், எண்ணெக் கையத் தொடச்சுட்டு வச்சாரு. அப்பறம் உங்க ஆபீஸ்லருந்து பதில் வந்துச்சு, அதையும் என்கிட்ட தானே கொண்டாரணும்? வாசிச்சேன். குடும்பத்தோட இருக்கணுமாம்னேன். அப்படியா சட்டம்னாரு. அப்படித் தான் சட்டம்னேன்.

ஷ், வர்றாரு. செருப்புச் சத்தம் கேக்குது. அந்தப் பேப்பர்ல கடைசியா ஒரு கேள்வி இருக்குல மிஸ், இந்த வீட்டுல நிரந்தரமா யாரு யாரு குடியிருக்கீங்கன்னு? அத என்கிட்ட கேக்காதீங்க. அவருகிட்ட கேளுங்க. அவரு வாயால சொல்லட்டும், நான் நின்னு கேக்குறேன்.