ஒத்துப்போன குறிப்பு

அக்கா: ...அப்ப நான் இத்தனை வருஷமா பண்ணினது ஆராய்ச்சியே இல்லங்கிற?

தம்பி: நான் எங்க சொன்னேன்? உங்க துறைத் தலைவர் சொன்னாரு. பேட்டி எடுக்கிறது பத்திரிகைக்காரங்க வேலை, மனோதத்துவ விஞ்ஞானம் ஆகாதுன்னு. நீதான் வந்து சொல்லி அழுத. நான் சும்மா தலையாட்டினேன்.

அக்கா: நீ தலையாட்டினதுதான்டா எனக்கு வயித்தெரிச்சல்.

தம்பி: பின்ன என்ன பண்றது? புருஷனையோ பொண்டாட்டியையோ பறிகொடுத்தவங்ககிட்டப் போயி, "அவங்க இன்னும் வீட்டுல இருக்கிற மாதிரி தோணுதா"ன்னு கேட்டா, தோணுதுன்னுதான் சொல்லுவாங்க.

அக்கா: அப்படி நான் கேக்கவே இல்ல. "அவங்க போனப்புறம் வீடு எப்படி இருக்கு?" இதுதான் கேள்வி. மிச்சமெல்லாம் அவங்களா சொன்னது.

தம்பி: சரி, சரி... மூக்கைத் துடை.

அக்கா: யாரு எப்ப சாவாங்கன்னு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல உக்காந்து கணக்குப் போடுறவன் நீ. செத்தப்புறம் அந்த வீட்டுல என்ன மிச்சம் இருக்குன்னு போயிக் கேக்கிறவ நான். உன்னோடது விஞ்ஞானம், என்னோடது ஊர்வம்பு. அப்படித்தானே?

தம்பி: என் கணக்கை இன்னொருத்தன் போட்டாலும் அதே விடைதான் வரும். அது ஒண்ணுதான்க்கா வித்தியாசம்.

அக்கா: அதுக்குத்தானேடா உன்னை இழுத்துப் போட்டேன்! ஒரே பேட்டியை நீ தனியா படி, நான் தனியா படிக்கிறேன். ஒவ்வொரு இடத்துலயும் அவங்க என்னத்தச் சொல்றாங்களோ, அதுக்கு ஓரத்துல ஒரே ஒரு சொல் எழுதணும். முடியிற வரைக்கும் அதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. அப்புறம் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். ஒத்துப்போனா, அது என் கற்பனை இல்ல.

தம்பி: மூச்சு விடலையே. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு உன் முகத்தைக்கூடப் பாக்காம சுத்தினேன். அம்மா வந்து, "அக்காகூட என்னடா சண்டை"ன்னு கேட்டாங்க.

அக்கா: அம்மா எங்க?

தம்பி: பின்னாடி துணி காயப்போடுறாங்க. அந்தக் கதவைச் சாத்திட்டு உக்காரு. நாளைக்கு உன் ஆராய்ச்சியைப் பரிசோதிக்கிற குழு ஒத்துக்கலைன்னா?

அக்கா: மூட்டை கட்டிட்டுப் போன்னு சொல்லிடுவாங்க. அவ்வளவுதான். இன்னொரு தடவை ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லடா.

தம்பி: அழாத. காட்டு. டீச்சரம்மாவோட பேட்டி... கட்டில்ல அவர் படுத்த பக்கம் இன்னும் அமுங்குதுன்னு சொல்றாங்களே. என்ன எழுதின?

அக்கா: பாரம்.

தம்பி: நானும் பாரம்! பஸ் டிரைவர்... துவைச்சு வச்ச தலையணை உறையில பொண்டாட்டி வாசம்...

அக்கா: வாசனை.

தம்பி: வாசனை. அடடே. மாடிவீட்டு அம்மா... செத்துப்போன புருஷன்கிட்டயே "கேஸை அணைச்சேனா"ன்னு கேப்பாங்களாமே.

அக்கா: சந்தேகம்.

தம்பி: நான் துணைன்னு எழுதியிருக்கேன்.

அக்கா: போச்சு.

தம்பி: இல்லக்கா, போகட்டும். எல்லாமே ஒத்துப்போனா நாம காப்பி அடிச்சோம்னு நினைப்பாங்க. இதுவரைக்கும் பாத்தா மூணுல ரெண்டு அப்படியே ஒத்துப்போகுது. வெறும் சொல்லுல இவ்வளவு ஒத்துப்போகும்னு நான் நினைக்கவே இல்ல!

அக்கா: சொன்னேன்ல? நாளைக்கு எங்க துறைத் தலைவர் மூக்கு உடையப் போகுது. அடுத்தது?

தம்பி: தையல்காரர்.

அக்கா: ம்.

தம்பி: சாயங்காலம் கடையைப் பூட்டிட்டு வீட்டுக்கு வர்ற இடம்...

அக்கா: ம், சொல்லு.

தம்பி: நீ சொல்லு முதல்ல.

அக்கா: செருமல்.

தம்பி: ...

அக்கா: என்னடா? தப்பா?

தம்பி: இல்ல. நானும் அதான். செருமல்.

அக்கா: பாத்தியா! இவ்வளவு அபூர்வமான சொல்லு, அதுகூட ஒத்துப்போகுது. இருமல்னு எழுதியிருக்கலாம், சத்தம்னு எழுதியிருக்கலாம்...

தம்பி: அக்கா.

அக்கா: இதை முதல் பக்கத்துலயே போடப் போறேன் பாரு.

தம்பி: அக்கா, அவர் என்ன சொல்லியிருக்காருன்னு படி.

அக்கா: "கதவைத் திறப்பேன்மா. உள்ள இருட்டா இருக்கும். அப்ப... அப்ப... சரி விடும்மா, அடுத்ததைக் கேளு."

தம்பி: செருமல் எங்க இருக்கு?

அக்கா: இங்கதான்... இரு... இந்தப் புள்ளி வச்ச இடத்துல.

தம்பி: புள்ளின்னா என்ன?

அக்கா: அவங்க பேசாம இருந்தா, டைப் அடிக்கிற பொண்ணு புள்ளி வைப்பா.

தம்பி: பேசாம இருந்த இடத்துல ரெண்டு பேரும் ஒரே சொல்லை எழுதியிருக்கோம்.

அக்கா: அவ விட்டிருப்பாடா. நிச்சயம் ரெக்கார்டர்ல இருக்கும். போடு.

தம்பி: போட்டேன். இந்த இடம்தான்... "அப்ப"ங்கிறாரு...

அக்கா: ...

தம்பி: ...

அக்கா: கேட்டுச்சா?

தம்பி: எது?

அக்கா: ஒண்ணுமில்ல. ஃபேன் சத்தம்.

தம்பி: ஆமா. ஃபேன்தான்.

அக்கா: டிரைவர் பேட்டியை எடு. அவர் அழுது நிறுத்தின இடம். அங்க என்ன எழுதின?

தம்பி: வேணாம்க்கா.

அக்கா: என்ன எழுதினடா?

தம்பி: செருமல். நீ?

அக்கா: ...அதேதான். டீச்சரம்மா?

தம்பி: புள்ளி இருக்கிற எல்லா இடத்துலயும் அதான். நீயும் அப்படித்தானே?

அக்கா: அந்த ரெக்கார்டரை முதல்ல நிறுத்துடா.

தம்பி: பயப்படுறதுக்கு இதுல ஒண்ணுமில்ல. அப்பா எந்த ரூமுக்குள்ள வர்றதா இருந்தாலும் வெளிய நின்னு ஒரு செருமல் செருமிட்டுத்தான் வருவாரு. நாம வளந்ததே அந்தச் சத்தத்துல. அவரு போயி இன்னும் ஒரு மழைக்காலம் தாண்டல. இந்தப் பேட்டியெல்லாம் படிக்கிறப்ப அவரு ஞாபகம் வந்திருக்கு. ஞாபகம், அவ்வளவுதான்.

அக்கா: உனக்கு வெறும் ஞாபகம்தானா?

தம்பி: பின்ன வேற என்ன? உனக்கு?

அக்கா: எனக்கும்... ஞாபகம்தான்.

தம்பி: அழிச்சுடு. செருமல்னு இருக்கிற எல்லாத்தையும்.

அக்கா: உன் ஆபீஸ்ல ரெண்டு பேரு தனித்தனியா அளந்து, ஒரே விடை வந்தா அழிப்பியா?

தம்பி: மாட்டேன்.

அக்கா: இதை மட்டும் ஏன்டா அழிக்கச் சொல்ற? இன்னொருத்தன் பாத்தாலும் அதே வரணும், அதுதான் விஞ்ஞானம்னு நீதானே சொன்ன? வந்திருக்கே!

தம்பி: பேட்டியில இல்லாதது வந்திருக்குக்கா! அது நம்ம ரெண்டு பேருகிட்ட இருந்து வந்திருக்கு.

அக்கா: அப்ப அதை எழுதணும். கேக்கிறவளோட மனசும் ஒரு அளவுகோல்தான். அது எங்க கோணியிருக்குன்னு மறைக்காம எழுதினாத்தான் எங்க முறை நேர்மையான முறை. எனக்கு வழிகாட்டுற மேடம் முதல் நாளே சொல்லிக் குடுத்தது அதான்.

தம்பி: என்னன்னு எழுதுவ? ஆளே இல்லாத வாசல்ல சத்தம் கேக்குதுன்னா? கிறுக்குன்னு கையைப் பிடிச்சு வெளிய விட்டுடுவாங்க.

அக்கா: கேக்குதுன்னு நான் எங்கடா சொன்னேன்?

தம்பி: ...சொல்லல. நீ சொல்லல.

அக்கா: உனக்கு... ஏதாவது...

தம்பி: இல்லன்னேன்ல! விடேன்.

அக்கா: சரி. எங்க அப்பா போயிட்டாருன்னு மட்டும் எழுதுறேன். அவரு பழக்கம் எங்க ரெண்டு பேரு மனசுலயும் இருந்ததுனால இந்தச் சொல் விழுந்துச்சுன்னு எழுதுறேன். பொய் இல்லையே?

தம்பி: பொய் இல்ல. ஆனா அம்மா காதுக்கு இது போகக்கூடாது. இப்பதான் கொஞ்சம் சாப்பிடவே ஆரம்பிச்சிருக்காங்க.

அக்கா: நான் ஏன் சொல்லப்போறேன்? நீ உளறாம இரு.

தம்பி: உஷ்... கதவுகிட்ட யாரோ.

அக்கா: ...ஃபேனை நிறுத்து.

தம்பி: நிறுத்தியாச்சு.

அக்கா: ...

தம்பி: யாரது?

அம்மா: நான்தான்டா. ரெண்டு பேரும் பட்டப்பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றீங்க?

அக்கா: ஒண்ணுமில்லம்மா. நாளைக்குப் பேசுறதுக்குத் தயார் பண்றோம். திறந்துதான் இருக்கு, வாயேன்.

அம்மா: நான் வர்றது இருக்கட்டும். நீ படிக்கிறதை நிறுத்திட்டு நிறுத்திட்டு வாசலைப் பாக்கிறதும், இவன் சும்மாச் சும்மா எந்திரிச்சுக் கதவைத் திறந்து பாக்கிறதும் எனக்குத் தெரியாதா? நான் பயந்துருவேன்னு நீங்க சொல்லல. நீங்க பயந்துருவீங்கன்னு நானும் சொல்லல. அந்த மனுஷன் எவ்வளவு நேரமாத்தான் வெளிய நின்னு செருமிக்கிட்டே இருப்பாரு? ஒருத்தராவது "உள்ள வாங்கப்பா"ன்னு சொல்லுங்களேன்... நான் கூப்பிட்டா வரமாட்டேங்கிறாரு.