விசில் ஊதவில்லை என்று நான் சொன்னது

பெயர்: பெத்தம்மாள், கணவர் பெயர் வீராசாமி (காலமானவர்). வயது: 76. முகவரி: கதவு எண் 14, தாமான் கெமுனிங், செலண்டார், மலாக்கா. தொழில்: முன்பு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், தற்போது வேலை இல்லை. படிப்பு: தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பதிவு செய்தவர்: கார்ப்பரல் கவிநேசன். நாள்: 12.6.2024, புதன்கிழமை, காலை மணி 10.20.

நான் மேற்கண்ட முகவரியில் என் மருமகள் கோமளாவுடன் குடியிருக்கிறேன். அவள் மகளும் என் பேத்தியுமான பவானேஸ்வரி (பவானி), வயது 17, கடந்த 20.4.2024 சனிக்கிழமை மாலை கெமுனிங் தோட்டத் திடலில் மின்னல் தாக்கி இறந்தது சம்பந்தமாக, 22.4.2024 அன்று இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருந்தேன். அதில், கால்பந்துப் பயிற்சியாளர் ஃபிரெடி இடி இடித்த பிறகும் விசில் ஊதவில்லை, பிள்ளைகளைத் தொடர்ந்து விளையாட விட்டார் என்று சொல்லியிருந்தேன். அது பொய். யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. இன்றைக்கும் யாரும் அனுப்பி வரவில்லை, நானே பஸ் ஏறி வந்தேன்.

ஃபிரெடியை எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். பிறந்த நாளிலிருந்து தெரியும். அவன் எங்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த மண்டோர் சின்னப்பனின் மகன். என் மகன் முனியாண்டியும் அவனும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே திடலில் பந்து அடித்தவர்கள். இரண்டு பேரில் என் மகனே கெட்டிக்காரன் என்று அப்போது தோட்டமே சொன்னது, இப்போது சொல்ல ஆள் இல்லை. 1991-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மாநில இளைஞர் அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேரையும் மலாக்கா டவுனுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கடிதம் மண்டோர் வீட்டுக்குத்தான் போனது. ஃபிரெடி என் மகனிடம் ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னான். கடிதத்தில் இருந்த நாளான சனிக்கிழமை அவன் மட்டும் போய்விட்டான். என் மகன் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போய், காலியான திடலைப் பார்த்துவிட்டு, மத்தியானம் திரும்பி வந்து, பசிக்கவில்லை என்று சொல்லி மாட்டுக்குப் புல் அறுக்கப் போனான்.

அதன் பிறகு ஃபிரெடி மாநில அணியில் சேர்ந்தான். இடது பக்கம் ஆடுவான், பதினொன்றாம் நம்பர் சட்டை. எட்டு வருஷம் சம்பளத்துக்கு ஆடினான், பேப்பரில் படம் வந்தது, வேறு மாநிலத்தார் இரண்டு சீசனுக்குக் கூட்டிப்போனார்கள். 2003-இல் முட்டியில் ஆபரேஷன் ஆகி ஆட்டத்தை விட்டான். அதன் பிறகு பயிற்சியாளர் பரீட்சை எழுதி, கோலாலம்பூரில் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்தான். என் மகன் செம்பனை எண்ணெய்ப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினான். 2016-இல் மெர்லிமாவ் ரோட்டில் லோரி கவிழ்ந்து இறந்தான். ஃபிரெடி எழவுக்கு வந்தான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

2019-இல் சின்னப்பன் இறந்ததும் ஃபிரெடி ஊரோடு வந்து, பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு அணி கட்டினான். பவானி போகிறேன் என்றாள், நான் விடவில்லை. அதன் பிறகு அவனே வீட்டு கேட்டுக்கு வந்து நின்றான். "பெரியம்மா, முனியாண்டி கால் அப்படியே இந்தப் பிள்ளைக்கு இருக்கு. என்கிட்ட விடுங்க" என்றான். "அவன் கால நீ எந்த நாளுக்கு அனுப்பினேன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். கேட்டை விட்டு அவன் நகரவில்லை. கோமளாதான், "அத்தை, செத்தவங்க சண்டையைப் பிள்ளை தலையில கட்டாதீங்க லா" என்று சொல்லி அனுப்பி வைத்தாள். அன்றிலிருந்து ஒரு பயிற்சி விடாமல் நானும் போய்த் திடல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிள்ளையைப் பார்க்கப் போகவில்லை, அவனைக் கண்காணிக்கப் போனேன். ஆனால் பவானி பந்தை அடிக்கும் முன்பு வலது கையால் காலுறையை இழுத்து விடுவாள். அவள் அப்பனும் அப்படித்தான் செய்வான். அவன் இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, அவன் ஆடி அவள் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் திடலில் நிற்பது யார் என்று எனக்குச் சற்று நேரம் தெரியாது.

ஃபிரெடி வைத்திருந்த சட்டம் எனக்குத் தெரியும், நூறு தடவை கேட்டிருக்கிறேன். இடிச் சத்தம் கேட்டால் மூன்று நீள விசில். மூன்று விசில் கேட்டால் பந்து, பை எல்லாவற்றையும் போட்டபடி போட்டுவிட்டு பழைய பள்ளிக்கூட மண்டபத்துக்குள் ஓட வேண்டும், மரத்தடியில் நிற்கக் கூடாது.

சம்பவத்தன்று மாநிலப் பெண்கள் அணிக்கு ஆள் பார்க்கிற பமேலா என்ற அம்மா காரில் வந்திருந்தார். நான்கரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஐந்து பத்துக்கு மேற்கே செம்பனைத் தோட்டத்துக்கு மேல் இடித்தது. மழை விழவில்லை. அந்த அம்மா காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஃபிரெடி உடனே விசில் ஊதினான். மூன்று விசிலும் என் காதில் விழுந்தன. மற்றப் பிள்ளைகள் எல்லாம் மண்டபத்துக்கு ஓடினார்கள், அவன் சின்னப் பிள்ளைகளை முன்னால் விட்டுப் பின்னால் ஓடினான். பவானி மட்டும் எதிர்ப்பக்கமாக என்னிடம் ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்து, "வாங்க பாட்டி, சீக்கிரம்" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. "அந்த அம்மா கார் இன்னும் போகலை. பந்து அங்க கிடக்கு. போய் ஒண்ணு அடிச்சுக் காட்டிட்டு வா" என்று கையை நீட்டிச் சொன்னேன்.

"கோச் விசில் அடிச்சிட்டாரு பாட்டி."

"அவன் அடிப்பான். அவன் பேச்சைக் கேட்டு உங்கப்பன் நின்னது போதும். அர்ஜுனா அர்ஜுனான்னு சொல்லிக்கிட்டே போ, ஒண்ணும் ஆகாது."

இடி இடித்தால் அர்ஜுனன் பேரைச் சொல்வது எங்கள் பழக்கம். மரக்காட்டில் நாற்பது வருஷம் அதைச் சொல்லித்தான் நின்றேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை. பிள்ளை சிரித்தாள். "அர்ஜுனன் எந்த டீம் பாட்டி?" என்று கேட்டுவிட்டு ஓடினாள். ஓடும்போது சத்தமாக அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு போனாள், எனக்குக் கேட்க வேண்டும் என்று. மண்டபத்து வாசலிலிருந்து ஃபிரெடி கத்திக்கொண்டு ஓடி வந்தான். அவள் காலுறையை இழுத்து விட்டாள். பந்தை அடித்தாள். பந்து வலையில் பட்டதை நான் பார்த்தேன். அதன் பிறகு எல்லாம் வெள்ளையாக இருந்தது. அதன் பிறகு ஃபிரெடி அவள் பக்கத்தில் முட்டி போட்டு நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான். ஆபரேஷன் செய்த முட்டி, மடக்க முடியாது என்று ஊருக்கே தெரியும். ஆம்புலன்ஸ் வரும் வரை எழுந்திருக்கவில்லை.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கோமளா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "விசில் அடிச்சாரா அத்தை?" என்பது. இல்லை என்று வாய் சொல்லிவிட்டது. அதை வைத்து அவள் புகார் எழுதிக் கொடுத்தாள், அதன் பிறகு நான் இங்கே வந்து அதையே சொன்னேன். விசில் கேட்டது என்று பிள்ளைகள் சொன்னதை, கோச்சுக்காகச் சொல்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கார் கண்ணாடி ஏற்றியிருந்ததால் அந்த அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து, ஐந்து பத்துக்கு வீட்டில் எனக்கு விசில் கேட்கிறது. மூன்று தடவை. கோமளாவுக்குக் கேட்பதில்லை. வானொலியைச் சத்தமாக வைத்தாலும் கேட்கிறது. விசில் நின்றதும் வாசல் கேட்டுக்கு வெளியே யாரோ ஓடி வந்து நிற்கிறார்கள், மூச்சு வாங்குகிற சத்தம் வருகிறது. நான் போ என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறார்கள். நான் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று கார்ப்பரல் சொன்னார். எழுதச் சொன்னேன், எழுதினார்.

சென்ற வாரம் ஃபிரெடியின் வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் வழக்கைப் பார்க்கிற வக்கீல், கோமளாவிடம் சொன்னார், நானும் பக்கத்தில் இருந்தேன். விசில் ஊதினேன், ஆனால் தலையை எண்ணவில்லை, பிள்ளை திரும்பிப் போனது என் தவறு என்று அவன் சொல்லியிருக்கிறான். நான் கையை நீட்டி அவளை அனுப்பியதை அவன் பார்த்தான். மண்டபத்து வாசலிலிருந்து அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். என் பேரை அவன் சொல்லவில்லை. அவன் மறைத்துக் காப்பாற்றி, நான் என் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன மாட்டேன். அந்தத் தயவு எனக்கு வேண்டாம். 1991-இல் அவன் செய்ததை நான் மன்னிக்கவில்லை, அதில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. அது வேறு. பவானியை அனுப்பியது நான்.

கோமளாவுக்கு இது இன்னும் தெரியாது. அவள் கையுறைத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு, மூன்றே முக்காலுக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். அதற்கு முன் நிலையத்திலிருந்து யாரும் அவளுக்குப் போன் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவள் என்னை வீட்டில் வைத்துக்கொண்டாலும் சரி, வெளியே போகச் சொன்னாலும் சரி, என் வாயிலிருந்து கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

மேலே எழுதியதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் அதில் இருக்கிறது, சொல்லாதது இல்லை. 22.4.2024 அன்று நான் கொடுத்ததைத் தள்ளிவிட்டு இதை எடுத்துக்கொள்ளும்படி சொல்லி, கைநாட்டு வேண்டாம் என்று நானே என் பேரை எழுதுகிறேன்.

(ஒப்பம்) பெத்தம்மாள்