அம்மா பேசாத எபிசோடு

கதவைச் சாத்துங்க தம்பி. மைக்க ஆஃப் பண்ணிட்டீங்கல்ல? ம். இப்பச் சொல்லுங்க, இது யாரு பண்ண வேலை?

தெரியாத மாதிரி முழிக்காதீங்க, ரெக்கார்டிங் பண்ற உங்களுக்குத் தெரியாம இங்க எதுவும் நடக்காது. ரெண்டு வருசமா இந்தக் கார்ட்டூன் குடும்பத்துல அம்மாவுக்கு நான்தான் குரல். அப்பா சோபாவ விட்டு எழுந்திருக்கமாட்டாரு, பிள்ளைங்க ரெண்டும் வீட்டத் தலைகீழாக்கும், நாய்கூட எதிர்த்துப் பேசும். கத்தி அடக்கறது நான். அதுக்குத்தானே ஜனங்க சிரிக்கறாங்க? இப்ப என்னடான்னா எபிசோடு முழுக்க அம்மா கோவிச்சுக்கிட்டு வாயே திறக்கமாட்டாளாம். பதினாலு பக்கத்துல எனக்கு இருக்கறது ஒன்பது பெருமூச்சு, அஞ்சு இருமல். நாய்க்கு நாலு வசனம் தம்பி!

எழுத்தாளர் யோசனையா? அந்த மனுசனுக்கு இவ்வளவெல்லாம் தோணாது. போன வாரம் காபி மெஷின்கிட்ட நீங்களும் அவரும் குசுகுசுன்னு பேசினீங்க. என்னைப் பாத்ததும் மழை வருமான்னு பேச்ச மாத்தினீங்க. வெளிய வெயில் மண்டையப் பிளக்குது.

அப்புறம் அந்தப் பொண்ணு. வரவேற்புல உக்காந்துக்கிட்டு என் பழைய எபிசோடு வசனத்த முணுமுணுக்குதே, அது எதுக்கு? மகளுக்குப் பேசப் புதுசா வந்தவளா? மகளுக்குப் பேச வந்தவ அம்மா வசனத்த எதுக்குப் படிக்கறா? சரி சரி, பதில் பேசணும்ல, அத விடுங்க. உங்க கம்ப்யூட்டர்ல என் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கே, அது என்ன? பார்த்துட்டேன். தொறங்க.

எதுக்கு எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு? ஒண்ணு நான் பேசினபடி, இன்னொண்ணு துடைச்சதா? எதத் துடைச்சீங்க?

போடுங்க. கேக்கறேன்.

ம்.

இப்ப துடைச்சதப் போடுங்க.

இது கண்ணாடியாட்டம் இருக்கு. மொதல்ல போட்டீங்களே, அது நானா? தகரத்தத் தரையில இழுக்கற மாதிரி? எப்பலேர்ந்து?

நாலு மாசமாவா.

ஓ. என் வேலை போயிடக்கூடாதுன்னு. இந்த எபிசோடும் நீங்கதான் கேட்டு வாங்கினீங்களா, என் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்னு? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க.

வீட்ல எங்காளு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு, குரல் ஒரு மாதிரி இருக்கு, டாக்டர ஒரு எட்டு பாரேன்னு. நான் விடுவேனா? டிவியில நம்ம எபிசோடப் போட்டேன். இந்தா, நல்லாக் கேளுங்க, கோளாறு என் தொண்டையில இல்ல, உங்க காதுலன்னேன். பாவம், மனுசன் போய்க் காதக் காட்டிட்டு வந்தாரு.

சிரிங்க, பரவால்ல. நானும் அன்னைக்கு அப்படித்தான் சிரிச்சேன்.

அப்புறம் தண்ணி முழுங்கவே வலிச்சுது. அவருக்குத் தெரியாமப் போய் எல்லா டெஸ்டும் எடுத்தேன். நேத்து ரிசல்ட். டாக்டர் கேக்கறாரு, குரல வெச்சுத்தானம்மா பொழைக்கிறீங்க, மாறினது காதுல விழலையா, நாலு மாசம் முந்தி வந்திருந்தா கட்டிய மட்டும் எடுத்திருக்கலாமேன்னு. வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். குரல் மிஞ்சாதுன்னுட்டாரு.

உக்காருங்க தம்பி. உங்கள நான் ஒண்ணும் சொல்லலையே. உக்காருங்க.

வீட்ல இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஹெட்போன மாட்டுங்க, மொதல்ல பெருமூச்ச எடுத்துடலாம். இன்னைக்கு மட்டும் எதையும் துடைக்காதீங்க.