முள் காட்டிய ஐம்பது

மனித நாகரிகம் முழுவதும் ஒரு காரின் பின் அச்சிலுள்ள பல்சக்கர விகிதத்தில் அடங்கியிருக்கிறது என்று எங்கள் பழங்கார் சங்கத்தின் ஆண்டு விழாவில் தலைமையுரை ஆற்றினேன். ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் இருவர் டீ கொடுக்க வந்தவர்கள்.

விளக்கமாகச் சொல்லச் சொன்னீர்கள், ஐயா. சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு எஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் விகிதம். என் தங்கை வீட்டிலிருந்த பழைய இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் அது நாலேகால். மேடு என்றால் துள்ளி ஏறும். சமதரையில் எஞ்சின் காது கிழியக் கத்தும். மூன்றரை போட்டால் மேட்டில் கொஞ்சம் முனகும், நேர்சாலையில் வழுக்கிக்கொண்டு போகும். கண்ணியமான காருக்கு மூன்றரைதான் என்பது என் தீர்ப்பு. வீடு மலைமேல் இருக்கிறது, நாலேகாலே இருக்கட்டும் என்பது தங்கை கணவரின் தீர்ப்பு. கார் அவருடையது.

என் உரை முடிந்ததும் மாப்பிள்ளை எழுந்தார். "மச்சான் கணக்குல தப்பே கிடையாது. கார் மட்டும் கரும்பலகையில ஓடணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொடுத்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபமில்லை. அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அவர் வெளியூர் போயிருந்த வாரத்தில், சர்வீஸ் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, மெக்கானிக்கை வரவழைத்துக் காரை எடுத்துப்போகச் செய்தேன். மூன்றரை போட்டுத் திரும்பி வந்தது. ஓட்டிவிட்டு, "என்ன மச்சான், வண்டி வெண்ணெயா ஓடுது" என்று அவர் வாயாலேயே சொல்வார். அப்போது சொல்லலாம் என்றிருந்தேன், சங்கத்தில் வைத்து.

விகிதத்தை மாற்றினால் ஸ்பீடோமீட்டரைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் முள் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்: ஐம்பது காட்டும்போது கார் அறுபதில் போகும். அதை மாற்ற வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மாற்றினால், எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளும் வேக முள்ளும் முன்போல ஒத்துப்போகாது. மாப்பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடுவார். மாற்றாமல் விட்டால் இரண்டு முட்களும் பேசிவைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லும். நியாயமான சோதனைக்கு அது அவசியமாக இருந்தது.

மாப்பிள்ளை காய்ச்சலோடு திரும்பினார். மறுநாள் காலை நலம் விசாரிக்கப் போனேன். தூறிக்கொண்டிருந்தது. தங்கை கார் சாவியை எடுத்தாள்.

"கீழ போய் மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன். அண்ணா, நீயும் வர்றியா, பேச்சுத் துணைக்கு?"

"அவரை ஏத்தாதே" என்றார் மாப்பிள்ளை போர்வைக்குள்ளிருந்து. "ரேஷியோ பேசிப் பேசியே வண்டியை நிறுத்திடுவார்."

"சும்மா படுங்க. எங்கண்ணன் பேசினா எனக்குப் பிடிக்கும்."

என் தங்கை போர்டில் எழுதியிருப்பதை மதிக்கிறவள். இறக்கத்து வளைவில் ஐம்பது என்று போட்டிருந்தால், அவள் முள் ஐம்பதைத் தாண்டாது. அது எனக்குத் தெரியும். முள்ளைப் பற்றியும் தெரியும். முள்ளை நம்பாதே என்று சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் ஏன் என்று கேட்பார், பிறகு சிரிப்பார்.

"நீ போயிட்டு வாம்மா" என்றேன்.

கேட்டைத் திறந்துவிட்டதும் நான்தான். அவள் கண்ணாடியை இறக்கி, "நனையாத, உள்ள போ" என்றாள். போனேன். வளைவில் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கார் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

இரங்கல் கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. சங்கச் செயலாளர் அவளை "வேகத்தைக் காதலித்த வீராங்கனை" என்றார். மாப்பிள்ளை ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, "அவ ஐம்பதுக்கு மேல போகமாட்டா சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் சாலையில் டயர் தடத்தை அளந்து அறுபது என்று சொன்னதிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்னிடமும் வந்தார். "நீங்க சொல்லுங்க மச்சான். உங்க தங்கச்சி அப்படிப் போவாளா?"

"மாட்டா" என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் உடம்பு இன்னும் சுட்டது.

அதனால்தான் வந்தேன், ஐயா. அவள் முள்ளைப் பார்த்துத்தான் ஓட்டினாள். அதைப் பொய் சொல்ல வைத்தவன் நான். தெரிந்தே அனுப்பினேன். கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள்: பேச வாய் வரவில்லை என்றால், நானே ஓட்டுகிறேன் என்று சாவியையாவது வாங்கியிருக்கலாமே என்று. இதை மட்டும் வாக்குமூலத்தில் சேர்க்காமல் விட முடிந்தால் நல்லது. சங்கத்தில் எல்லோரும் பத்திரிகை படிப்பார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.