சாமி என்று அழைத்தவர்களின் அரசர்

மேடையில் வீற்றிருக்கும் ஆயர் அவர்களே, அரியணை காலியான நாளிலிருந்து நாட்டின் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆளுநர்களே, அவர்களுக்கு அருகில் அமர்ந்திருக்கும் துறைமுகத் தலைவர் அவர்களே, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருக்கும் மீன்காரத் தாய்மார்களே, என் கயிற்றுச் சாலைத் தோழர்களே, வணக்கம்.

மேதகு கர்தினால், வால்மாராவின் அரசர் தொம் வெரீசிமோ அவர்கள் மறைந்துவிட்டார். கயிறு திரிப்போர் சங்கத்தின் சார்பில் புகழ்ந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். முடிந்தவரை புகழ்கிறேன்.

அவர் நல்ல குரு. கொள்ளைநோய்க் காலத்தில் மற்ற குருக்கள் மலைமேல் ஏறிக்கொண்டபோது, நற்கருணையைக் கையில் ஏந்தி நம் சந்துகளில் நடந்தவர் அவர் ஒருவர்தான். என் தாயின் கண்களை மூடியது அவர் கைதான். அந்தக் கைக்கு யார் செங்கோலைக் கொடுத்தது? ஏன் கொடுத்தது?

உங்களுக்குத் தெரியும். அவருடைய அண்ணன் பேரன், நம் இளவயது அரசர், படகு கவிழ்ந்து இறந்தார். பாய்மரக் கயிறு அறுந்தது என்றார்கள். வாரிசு இல்லை. மிஞ்சியிருந்த ஒரே அரச ரத்தம் சிவப்பு அங்கிக்குள் இருந்தது. கிழவரைத் தூக்கி உட்காரவைத்தோம். கயிற்றைத் திரித்ததாகச் சொல்லி எங்கள் லோபோவைக் கோபுரச் சிறையில் போட்டோம். அரசரின் சாவைப் பற்றிய வழக்கு என்பதால் அரசர் மட்டுமே விசாரிக்கலாம் என்றார்கள்.

லோபோவின் மனைவி பிரீத்தஸ் அரசரிடம் போனாள். இளவயது அரசரின் உடலோடு அந்தக் கயிறும் கரை ஒதுங்கியபோது பக்கத்தில் நின்றவள் அவள். நம் சாலையில் திரிக்கும் ஒவ்வொரு கயிற்றுக்குள்ளும் ஒரு நீல இழை ஓடும் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை. அறுந்த முனையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று சொல்லத்தான் போனாள். மண்டியிட்டாள். எதிரே சிவப்பு அங்கி. சிறு வயதிலிருந்து பழகிய நாக்கு என்ன சொல்லும்?

"சாமி, பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியும்."

அவ்வளவுதான், பாவசங்கீர்த்தனம் தொடங்கிவிட்டது. அரசர் கண்ணை மூடிக்கொண்டார். முழுவதையும் கேட்டார். பாவமன்னிப்புக் கொடுத்தார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். கணவனை விடுவிக்கச் சொல்லிப் போனவள் மந்திரத்தோடு திரும்பி வந்தாள்!

மறுபடி போனாள். "ராசா" என்று சரியாகத்தான் ஆரம்பித்தாள். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அரசனாகக் கேட்க முடியாது, அது முத்திரையிடப்பட்ட இரகசியம் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அரண்மனைக்குப் போகும் ஒவ்வொருவரும் எங்கள் சாலையில் நின்று "ராசா, ராசா" என்று சொல்லிப் பழகிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? மீன்காரப் பெண்கள் சிரித்தார்கள். "ஏண்டி, வீட்டுல புருசனை மறந்துபோய் சாமின்னு கூப்பிட்டுடாத. அவனும் மூணு மந்திரம் சொல்லச் சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவான்." சிரித்தோம். ஆனாலும் அந்த அங்கியைக் கண்டதும் பாதிப் பேருக்கு நாக்கு புரண்டது. அவர் தடுத்தாரா? "மகனே, இப்போது நான் அரசன்" என்று ஒரு முறையாவது சொன்னாரா?

சொல்லவில்லை. ஏனென்றால் அது அவருக்கு வசதியாக இருந்தது. மன்னிப்பது எளிது, தீர்ப்புச் சொன்னால் யாராவது பகையாவார்கள்.

லோபோவுக்காக நானே போய்க் கேட்டேன். "எங்காதுல விழுந்தது ஆண்டவர் காதுல விழுந்தாச்சு மகனே" என்றார். "ராசா காதுல எப்ப விழும்?" என்று கேட்டேன். செபமாலையை உருட்டினார்.

நாக்கு புரளாமலே, அரசர் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டுமென்றே "சாமி" என்று ஆரம்பித்தவர்களும் உண்டு. துறைமுகத் தலைவர் அவர்களே, நீங்களும் ஒரு காலையில் போனீர்கள். உள்ளே என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. போகும்போது இருந்த முகமும் வரும்போது இருந்த முகமும் தெரியும். அதன்பிறகு அரசர் லோபோவைத் தூக்கிலும் போடவில்லை, விடவும் இல்லை. லோபோ இன்னும் கோபுரத்தில் இருக்கிறான். அரசர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிரீத்தஸ் அன்று பார்த்ததை எங்களிடம்கூடச் சொல்லவில்லை. "சங்கீர்த்தனத்துல சொன்னதண்ணே, வெளிய சொன்னா பாவம்" என்றாள். இந்த ஊரில் பிறந்தவள் வேறு எப்படி நினைப்பாள்? தன் வாய்க்கும் பூட்டு என்றே நம்பி, கோபுரத்துக்கு ரொட்டி சுமந்துகொண்டிருக்கிறாள்.

ஆயர் அவர்களே, நான் படிக்காதவன். தவறென்றால் இங்கேயே திருத்துங்கள். அந்த முத்திரை கேட்ட குருவின் வாய்க்குத்தானே? சொன்னவளின் வாய்க்கு இல்லையே?

ஆயர் திருத்தவில்லை. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் திருத்தவில்லை.

இப்படிப்பட்ட கூட்டத்தில், மறைந்தவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிப்பது வழக்கம். குடிகள் சொல்வதைக் கேட்பது அரசரின் பணி. அதை அவர் தொடங்கவே இல்லை, எதைத் தொடர்வது? நாம் தொடங்குவோம். ஆளுநர்களே, அரசர் இல்லாத நாட்டில் அரசரின் வழக்கைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள். உங்களில் யாரும் குருவின் அங்கி அணியவில்லை. துறைமுகத் தலைவர் அவர்களே, எழுந்திருக்காதீர்கள், இன்னும் முடியவில்லை.

பிரீத்தஸ், முன்னால் வா அம்மா. அந்தக் கயிற்றில் என்ன பார்த்தாய் என்று ஊருக்குக் கேட்கும்படி சொல்.

"சாமி" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே.