வாய்தாவுக்கு ஒரு கோபுரம்

நெல் அவிக்கும் வாசனை வந்தால், அதே வாசனை வீசிய வழியில் போன அந்த ஒரத்தநாட்டுப் பேருந்து எனக்குள் ஓடத் தொடங்குகிறது. எனக்கு முன் இருக்கையில் நிலத்துக்காரரின் மனைவி. அருகில் அவர்களுடைய குத்தகைக்காரரின் மனைவி அஞ்சலை. தஞ்சாவூர்க் கோர்ட்டில் அந்தக் குத்தகை நிலத்துக்காக ஒருவரை எதிர்த்து ஒருவர் வழக்காடிவிட்டு வந்த கணவன்மார் பின்னால் முகம் பாராமல் நின்றார்கள்.

"வாய்தாவுக்கு ஒண்ணுன்னு பெரிய கோயில் பாத்தாச்சு, மணிக்கூண்டு பாத்தாச்சு. அரண்மனைதான் பாக்கி, அஞ்சலை."

"அடுத்த தடவை தீர்ப்பும்மா."

"இருக்கட்டுமே. ஆம்பளைங்க கோர்ட்டுல நிக்கட்டும், நாம போவோம்."

"நெலம் உங்களுக்குன்னு ஆயிட்டா எங்களுக்குச் சோறு ஏதும்மா? அப்புறம் உங்க பக்கத்துல நின்னு சித்திரம் பாக்க மனசு வருமா?"

அஞ்சலை இறங்குமிடம் வந்தது. எழுந்தவளின் கையை அந்த அம்மாள் பிடித்து, தணிந்த குரலில் சொன்னார்:

"இன்னொரு வாய்தா வாங்கச் சொல்றேன்டி எங்க வீட்டுக்காரர்கிட்ட."